பதினோரு வண்டி, எழுபது வளைவு: முதல் முறை லீட் எடுக்கிறவருக்கு

கேள்வி: அண்ணா, நான் ஈரோட்டில் ஒரு நூல் மில்லில் சூப்பர்வைசர். வயது 29. புல்லட் வைத்திருக்கிறேன். தனியாகவும் இரண்டு மூன்று பேரோடும் நிறைய ஓட்டியிருக்கிறேன். அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பர்கள் எல்லோரும் பதினோரு வண்டியில் கொல்லிமலை போவதாக முடிவு. "உனக்குத்தான் வழி தெரியும், நீயே லீட் எடு" என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். மூன்று புல்லட், ஒரு டியூக் 390, ஐந்து பல்சரும் அப்பாச்சியும், ஒரு ஸ்ப்ளெண்டர், ஒரு ஆக்டிவா. ஆக்டிவா நண்பர் மனைவியையும் கூட்டி வருகிறார். அவர் மலை ரோட்டில் ஓட்டியதே இல்லை. டியூக் வைத்திருப்பவன் யாருக்காகவும் காத்திருக்க மாட்டான். எனக்கு இரண்டு பயம். வழியில் யாராவது தொலைந்துபோனால்? வளைவில் யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டால்? ஒத்துக்கொண்டது தப்போ என்று இப்போது தோன்றுகிறது.

பதில்:

தம்பி, பயம் வந்திருப்பது நல்லது. பயமே இல்லாமல் லீட் எடுத்தவன் நான். அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பல வருடங்களுக்கு முன், வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பதைத் தொழிலாக எடுப்பதற்கு முன்னால், சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு எட்டு வண்டியைக் கூட்டிக்கொண்டு போனேன். மலை அடிவாரத்துக்கு முன்பே ஒரு செங்கல் லாரி எங்களுக்கு முன்னால் உருண்டு போய்க்கொண்டிருந்தது. எதிரே ரோடு காலி. முந்தினேன். எனக்கு வழி இருந்தது. இரண்டாவது வண்டிக்கும் இருந்தது. மூன்றாவதாக வந்தவன் என் முதுகை மட்டும் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறான். நான் போனால் போகலாம் என்று நினைத்துவிட்டான். கண்ணாடியில் பார்க்கிறேன்: அவன் லாரியின் பாதி நீளத்தில் இருக்கிறான், எதிரே டவுன் பஸ். லாரிக்கு முன்னால் புகுந்துகொள்ளலாம் என்றால் அங்கே இடம் இல்லை. ஏனென்றால் முந்தி முடித்ததும் நான் ஹாயாக வேகத்தைக் குறைத்துவிட்டேன், எனக்குப் பின்னால் இரண்டாமவனும் லாரியின் மூக்குக்கு முன்னாலேயே தொங்கிக்கொண்டிருந்தான். பஸ் டிரைவர் மண்ணில் இறக்கியதால் அன்றைக்குத் தப்பித்தோம். டீக்கடையில் நிறுத்தியபோது அந்தப் பையனுக்கு டம்ளரைப் பிடிக்கக் கை நிற்கவில்லை.

அதில் என் தப்பு இரண்டு. முந்துவது அவரவர் முடிவு என்று கிளம்பும்போதே சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. முந்திய பிறகு பின்னால் வருகிறவர்களுக்கு இடம் விட்டு நான் முன்னேறிப் போயிருக்க வேண்டும், போகவில்லை. வழி எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். உங்களைத் தேர்ந்தெடுக்க உங்கள் நண்பர்கள் சொன்ன காரணமும் அதுதானே. வழியை போன் காட்டிவிடும். லீட் எடுக்கிறவர் செய்வது வேறு வேலை. உங்கள் வண்டியை நீங்கள் ஓட்டுகிறீர்கள், பின்னால் வருகிற வண்டிகளின் வேகத்தையும் உங்கள் வலது கைதான் முடிவு செய்கிறது.

இதைக் கணக்காகவே பார்க்கலாம். திருச்செங்கோடு தாண்டி ஒரு வேகத்தடை என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஏறி இறங்கியதும் திருகி அறுபதுக்குப் போய்விடுகிறீர்கள். அப்போது ஆறாவது வண்டி தடைக்கு இந்தப் பக்கம்தான் இருக்கிறது. அவர் தாண்டி வேகம் எடுக்கப் பத்து விநாடி ஆகும். அறுபதில் போகிற வண்டி பத்து விநாடியில் 160 மீட்டருக்கு மேல் போய்விடும். அந்த இடைவெளியை மூட அவர் எண்பதில் அரை நிமிடம் ஓட்ட வேண்டும். நீங்கள் அறுபதில் பத்திரமாகப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள்; உங்கள் குழுவில் கடைசி ஆள் எண்பதில் வந்துகொண்டிருப்பார். அடுத்த தடை, அடுத்த ஊர், மறுபடியும் அதே ஓட்டம். கடைசியில் வருகிறவர்தான் களைத்துப்போகிறார், களைத்தவர்தான் விழுகிறார். வழி எளிது: தடையோ சிக்னலோ ஊரோ தாண்டியதும் அப்படியே நாற்பதில் போய்க்கொண்டிருங்கள். கண்ணாடியில் கடைசி ஹெட்லைட் தெரிந்த பிறகு வேகம் எடுங்கள்.

பதினோரு வண்டிக்கு இதைச் செய்ய முடியாது. அதனால் முதல் வேலை, குழுவை இரண்டாகப் பிரிப்பது. ஐந்து ஒரு பக்கம், ஆறு ஒரு பக்கம். ஒவ்வொன்றுக்கும் தனி லீட், தனி ஸ்வீப், அதாவது வரிசையில் கடைசியாக வருகிறவர். இரண்டுக்கும் நடுவே பத்து நிமிட இடைவெளி. "ஒண்ணா போனாத்தானே மஜா" என்று யாராவது சொல்வார்கள். சாப்பிடும்போது ஒன்றாக இருந்தால் போதும்.

ஆக்டிவாவும் ஸ்ப்ளெண்டரும் இருக்கிற குழுவை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். வரிசையில் ஆக்டிவா உங்களுக்கு நேர் பின்னால், அதற்குப் பின்னால் ஸ்ப்ளெண்டர். மெதுவான வண்டியைக் கடைசியில் விடுவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. அப்படி விட்டால், மேலே சொன்ன எண்பது கிலோமீட்டர் ஓட்டத்தை ஓட வேண்டியவர் மனைவியைப் பின்னால் வைத்திருக்கிற அந்த மனுஷன்தான்.

ஸ்வீப் யார் என்பதில் நான் கொஞ்சம் கறார். உங்களில் நன்றாக ஓட்டத் தெரிந்த, அதே சமயம் பொறுமையான ஆள். பஞ்சர் கிட், காற்றடிக்கிற பம்ப், முதலுதவிப் பெட்டி எல்லாம் அவரிடம் இருக்க வேண்டும். யார் நின்றாலும் அவரும் நிற்பார்; அவரை யாரும் பின்னால் விட்டுப்போக முடியாது. ஸ்வீப் வந்து சேராமல் எந்த இடத்திலிருந்தும் குழு கிளம்பக் கூடாது.

டியூக் நண்பருக்கு ஸ்வீப் வேலையைக் கொடுத்து அடக்கிவிடலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். பின்னால் ஒரு மணி நேரம் ஊர்ந்துவிட்டு, இரண்டாவது மணியில் எல்லோரையும் தாண்டிக்கொண்டு அவர் முன்னால் வந்து நிற்பார். அவரைத் தனியாக முன்னால் அனுப்புங்கள். "நாமக்கல்லில் பன்னெண்டு பேருக்கு டிபன் சொல்லி வை" என்று ஒரு வேலையும் கொடுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார், உள்ளுக்குள் சந்தோஷம்தான். சாப்பிடுகிற இடத்தில் பிடித்துக்கொள்ளலாம். அடிவாரம் காரவள்ளியில் மறுபடியும் சந்திப்பு. மலையிலும் அவர் முதலில் ஏறட்டும், மேலே சோளக்காட்டில் காத்திருக்கட்டும். வேகமாகப் போகிறவர் உங்கள் வரிசைக்கு வெளியே இருக்கிறவரை அவர் வேகம் அவரோடு. வரிசைக்குள்ளே இருந்தால் அது தொற்றுநோய்.

இனி, ஆள் தொலைந்துபோவது. எல்லோரும் முன்னால் போகிற வண்டியைத் தவறவிடக் கூடாது என்று துரத்துவார்கள். அதைத் தலைகீழாக்கிவிடுங்கள். ஒவ்வொருவருக்கும் பொறுப்பு பின்னால் வருகிற ஒரே ஒரு வண்டி. திருப்பம் வந்தால் கண்ணாடியில் பாருங்கள். பின்னால் வருகிறவர் தெரிந்தால் திரும்பலாம். தெரியவில்லையா, திருப்பத்திலேயே ஓரமாக நின்று அவர் வந்ததும் கையைக் காட்டிவிட்டுத் திரும்புங்கள். கடைசி ஆள் எங்கேயாவது நின்றுவிட்டால், அவருக்கு முன்னால் இருப்பவர் அடுத்த திருப்பத்தில் நிற்பார், அதற்கு முன்னால் இருப்பவர் அதற்கடுத்த திருப்பத்தில் நிற்பார். சங்கிலி மாதிரி அது உங்கள் வரைக்கும் வந்துவிடும். நேர் ரோட்டில் இதெல்லாம் வேண்டாம். உங்கள் வழியில் கவனிக்க வேண்டியது பள்ளிபாளையம், திருச்செங்கோடு டவுன், நாமக்கல், சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி. அவ்வளவுதான். மலை ஏறத் தொடங்கிவிட்டால் சோளக்காடு வரை ரோடு ஒன்றுதான், யாரும் தொலைய வழியில்லை. பத்து நிமிடம் நின்றும் ஒருவர் வரவில்லை என்றால், போனில் கூப்பிடுங்கள். எடுக்கவில்லை என்றால் ஒரே ஒரு வண்டி திரும்பிப் போகட்டும். மொத்தக் குழுவும் நடுரோட்டில் யூ-டர்ன் அடிக்கிற காட்சியை நிறையப் பார்த்துவிட்டேன், தயவுசெய்து வேண்டாம்.

நாமக்கல் வரை ஜிக்ஜாக்காகப் போங்கள். ரோடு நம் பக்கம் எவ்வளவு அகலமோ அதில் நீங்கள் வலது பாதி, அடுத்தவர் இடது பாதி, மூன்றாமவர் மறுபடி வலது. பக்கத்துப் பாதியில் இருப்பவருக்கும் உங்களுக்கும் ஒரு விநாடி, உங்கள் கோட்டிலேயே முன்னால் போகிறவருக்கும் உங்களுக்கும் இரண்டு விநாடி. மைல்கல் ஒன்றை அவர் தாண்டியதும் "ஆயிரத்தொன்று, ஆயிரத்திரண்டு" என்று எண்ணிப் பாருங்கள், தெரிந்துவிடும். ஊருக்குள்ளும் மலையிலும் ஜிக்ஜாக் கிடையாது, ஒற்றை வரிசைதான். பக்கத்தில் பக்கத்தில் ஓட்டிக்கொண்டு பேசுவது எங்கேயும் கூடாது. கை சைகை நாலு போதும்: ஒற்றை விரலைத் தூக்கினால் ஒற்றை வரிசை, டேங்க்கைத் தட்டினால் பெட்ரோல், உள்ளங்கையைக் கீழே அமுக்கினால் மெதுவாக, காலையோ கையையோ நீட்டினால் அந்தப் பக்கம் பள்ளம் அல்லது மண். எல்லாம் இடது கையில், வலது கை திராட்டிலில் இருக்கிறது. இருபது சைகை சொல்லிக்கொடுத்தால் ஒன்றும் நினைவிருக்காது.

சரி, மலைக்கு வருவோம்.

கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசிகளைப் பற்றி ஆளாளுக்குக் கதை சொல்வார்கள். முதல் முறை வருகிறவர் விழுவது பெரும்பாலும் வேகத்தால் அல்ல, வேகம் போதாமல். இடது பக்கம் திரும்புகிற வளைவில் ஏறும்போது கவனியுங்கள். நாம் இடப்பக்கம் ஓட்டுவதால் வளைவின் உள் ஓரம் நமக்கு. அங்கேதான் வட்டம் சின்னது, ஏற்றம் செங்குத்து. புதியவர் பயத்தில் மெதுவாக, மூன்றாவது கியரிலேயே உள்ளே வருவார். பாதி வளைவில் எஞ்சின் தடதடவென்று திணறும். கிளட்சைப் பிடிப்பார், வண்டி நின்றுவிடும். இடது காலை ஊன்றப் போவார். ரோடு அந்தப் பக்கம் சரிந்திருப்பதால் அவர் எதிர்பார்த்த இடத்தில் தரை இருக்காது, நாலு விரற்கடை கீழே இருக்கும். அவ்வளவுதான், வண்டி மெதுவாக, மிக மெதுவாகச் சாயும், யாராலும் நிறுத்த முடியாது. ஹேண்டில்பார் முனையும் லீவரும் போகும், கணுக்கால் போனாலும் போகும்.

அதற்கு மருந்து, கியரை வளைவுக்கு முன்பே முதலுக்கோ இரண்டுக்கோ குறைத்துவிடுவது. வளைவுக்குள்ளே கிளட்சைத் தொடக் கூடாது, திராட்டிலைச் சீராக வைத்திருக்க வேண்டும். தலையைத் திருப்பி, ரோடு போய் முடிகிற மேல்பக்கத்தைப் பார்க்க வேண்டும்; முன் சக்கரத்தைப் பார்த்தால் அங்கேதான் போய் விழுவோம். காரவள்ளியில் நிறுத்தி இதை எல்லோரிடமும் ஒரு தடவை சொல்லுங்கள். அப்புறம் முன்னால் போகிற வண்டி வளைவைத் தாண்டி முடித்த பிறகுதான் அடுத்த வண்டி உள்ளே நுழைய வேண்டும். ஒருவர் உள்ளே நின்றுவிட்டால் பின்னால் வருகிறவர் இன்னும் நேர் ரோட்டில் இருக்க வேண்டும், அதற்குத்தான்.

பஸ் ஹாரன் கேட்டால் வளைவுக்கு முன்பே இடப்பக்க ஓரத்தில் நின்றுவிடுங்கள். அங்கே ஓடுகிற பஸ் டிரைவர்கள் கெட்டிக்காரர்கள்தான், ஆனால் அந்த நீளத்துக்கு முழு ரோடும் வேண்டும். ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பது சட்டம். இருந்தாலும் பஸ்ஸோடு சட்டம் பேசாதீர்கள்.

இறங்குவதுதான் எனக்குக் கவலை. காரணம் ரோடு இல்லை, அருவி. ஆகாய கங்கைக்கு ஆயிரத்துக்கு மேல் படி இறங்கி, குளித்து, திரும்ப ஏறுவீர்கள். மேலே வரும்போது தொடை நடுங்கும். உடனே கிளம்பினால் அந்த நடுங்குகிற காலோடு பின் பிரேக்கை மிதித்துக்கொண்டு எழுபது வளைவும் இறங்க வேண்டும். நான் கூட்டிப்போகிறவர்களைச் சாப்பாட்டுக்குப் பிறகு குறைந்தது ஒரு மணி நேரம் உட்கார வைக்கிறேன். முடவாட்டுக்கால் கிழங்கு சூப் குடியுங்கள், அறப்பளீஸ்வரர் கோயில் பிரகாரத்தில் உட்காருங்கள், அன்னாசிப்பழம் பேரம் பேசுங்கள். மூன்று மணிக்குள் இறங்கத் தொடங்கினால் இருட்டுவதற்கு முன் தாராளமாக நாமக்கல் தாண்டிவிடலாம். அதற்காக ஈரோட்டிலிருந்து விடியலில், ஐந்தரைக்குக் கிளம்ப வேண்டும்.

"ஏறின கியரிலேயே இறங்கு" என்று பழைய லாரி டிரைவர்கள் சொல்வது பைக்குக்கும் பொருந்தும். நியூட்ரலில் உருட்டி பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறவர் யாராவது இருந்தால் சாவியைப் பிடுங்கிக்கொள்ளுங்கள்.

ஆக்டிவாவுக்கு அந்த வசதி இல்லை. கியர் இல்லாத ஸ்கூட்டரில் எஞ்சின் பிடிமானம், அதாவது எஞ்சினே வேகத்தைப் பிடித்து வைப்பது, குறைவு. வேகம் மிகவும் குறைந்தால் அதுவும் விட்டுப்போகும். மொத்த எடையையும் பிரேக்தான் தாங்க வேண்டும், இரண்டு பேர் என்றால் கேட்கவே வேண்டாம். பிரேக் சூடேறினால் லீவரை எவ்வளவு இழுத்தாலும் பிடி கிடைக்காது. அதனால் இறங்கும்போது அந்தத் தங்கச்சியை நிதானமாக ஓட்டுகிற ஒரு புல்லட்டின் பின்னால் உட்காரச் சொல்லுங்கள். காலையிலேயே கணவரிடமும் அவரிடமும் கேட்டு முடிவு செய்துவிடுங்கள், பாதி மலையில் சொன்னால் சங்கடம். அப்புறம் பதினைந்து வளைவுக்கு ஒரு தடவை, அகலமான இடம் பார்த்து, ஐந்து நிமிடம் எல்லோரும் நில்லுங்கள். "ஆக்டிவாவுக்காக நிற்கிறோம்" என்று சொல்லாதீர்கள். போட்டோ எடுக்க நிற்கிறோம் என்று சொல்லுங்கள். குரங்குகள் வரும், தின்பண்டத்தை வெளியே எடுக்க வேண்டாம்.

ஏதாவது ஆகிவிட்டால்? முதலில், பின்னால் வருகிற வண்டிகளை நிறுத்துங்கள். மேலே ஒருவர், கீழே ஒருவர், ஒரு வளைவு தள்ளி நின்று கை காட்ட வேண்டும். விழுந்தவரைச் சுற்றிக் கூட்டம் போடுகிறவர்களைத்தான் அடுத்த வண்டி வந்து இடிக்கும். கழுத்திலோ முதுகிலோ அடி என்ற சந்தேகம் இருந்தால், மூச்சு சரியாக இருக்கிறவரை ஹெல்மெட்டைக் கழற்ற வேண்டாம், தூக்கி உட்கார வைக்கவும் வேண்டாம், வாயில் தண்ணீரும் ஊற்ற வேண்டாம். 108-க்குச் சொல்லும்போது வளைவின் எண்ணைச் சொல்லுங்கள். ஒவ்வொரு வளைவிலும் எண் பலகை இருக்கிறது. "கொல்லிமலை ரோட்டில் 44-வது வளைவு" என்றால் ஆம்புலன்ஸ்காரருக்கு அதைவிடத் தெளிவான முகவரி கிடையாது. சிக்னல் இல்லை என்றால் ஒருவர் கீழேயோ மேலேயோ போய்ப் பேச வேண்டும், அது யார் என்று காலையிலேயே பேசி வையுங்கள். செலவை நினைத்து யாரும் தயங்க வேண்டாம். விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாகத் தரும் "இன்னுயிர் காப்போம்" திட்டம் 2021 டிசம்பரிலிருந்து தமிழ்நாட்டில் இருக்கிறது. அரசு மருத்துவமனைகளிலும், திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் பார்ப்பார்கள். ஒவ்வொருவரும் ஒரு காகிதத்தில் பெயர், ரத்த வகை, வீட்டில் ஒருவருடைய நம்பர் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளட்டும். போனில் இருக்கிறது என்பார்கள். அடிபட்டுக் கிடக்கிறவரின் போனை யார் திறப்பது?

கிளம்புவதற்கு முன் ஐந்து நிமிடம் எல்லோரையும் நிற்க வைத்துப் பேசுங்கள். நிறுத்துகிற இடங்கள், பின்னால் வருகிற வண்டிக்குப் பொறுப்பு, முந்துவது அவரவர் முடிவு, நாலு சைகை. எல்லோரும் டேங்க் நிரப்பியாயிற்றா என்று பாருங்கள். டயரையும் பிரேக்கையும் வாய்வார்த்தையில் நம்பாமல் குனிந்து பாருங்கள். பின்னால் உட்காருகிறவருக்கும் ஐஎஸ்ஐ முத்திரை போட்ட ஹெல்மெட். செருப்போடு வந்தவரை வீட்டுக்குப் போய் ஷூ போட்டுவரச் சொல்லுங்கள், குழு காத்திருக்கட்டும். முந்தின இரவு குடித்துவிட்டுக் கண் சிவந்து வந்தவரிடம் "இன்றைக்கு வேண்டாம்" என்று சொல்ல வேண்டியதும் நீங்கள்தான். நண்பனிடம் அதைச் சொல்வது எழுபது வளைவைவிடக் கஷ்டம், தெரியும்.

ஒத்துக்கொண்டது தப்பா என்று கேட்டிருந்தீர்கள். அதற்கு இப்போதே பதில் சொல்ல முடியாது. இரண்டு வாரம் முன்னால் ஒரு ஞாயிறு, நீங்களும் ஸ்வீப்பாக வரப்போகிறவரும் மட்டும் இதே வழியில் போய்வாருங்கள். எந்த ஹோட்டல் வாசலில் பதினோரு வண்டி நிற்கும், எந்தெந்த வளைவு எண்ணில் ஓரமாக ஒதுங்க இடம் இருக்கிறது, எங்கே சிக்னல் போகிறது என்று ஒரு சின்ன நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். ஏறும்போது உங்கள் வேகத்தில் ஏறாதீர்கள், ஆக்டிவா பின்னால் வருகிறது என்று நினைத்து ஏறுங்கள். ஆடிப்பெருக்கை ஒட்டி வல்வில் ஓரி விழா நடக்கிற நாட்களாக உங்கள் தேதி அமைந்தால் தள்ளிப்போடுங்கள், மலை தாங்காத கூட்டம். திரும்பி வந்த பிறகும் பயம் குறையவில்லை என்றால் பதினோரு பேருக்கும் மெசேஜ் போட்டுவிடுங்கள்: இந்தத் தடவை ஐந்து வண்டி மட்டும்.